மௌனத்தில் கூடி அமரும்போது...
(பொதுக்காலம் 19ம் ஞாயிறு, முதல் ஆண்டு: 1 அரசர்கள் 19: 9, 11-13, மத்தேயு 14: 22-33)



"தியானத்துக்குப் போயிருந்தோம்" என்று நம் பங்குகளில் யாராவது சொன்னால், நம் மனதில் உடனே என்ன தோன்றுகிறது? பெரிய பந்தல், மேடை, ஒலிபெருக்கி, கைகளை உயர்த்திப் பாடும் கூட்டம், மூன்று நாள் மறையுரைகள், இரவு ஆராதனை, பாவசங்கீர்த்தனத்துக்கு நீண்ட வரிசை. அந்தத் தியானங்கள் நம்மில் பலரைத் தொட்டிருக்கின்றன. அங்கே போய்விட்டு வந்து குடியை விட்டவர்கள் உண்டு. பல ஆண்டுகள் பேசாமலிருந்த அண்ணன் வீட்டுப் படியேறியவர்கள் உண்டு. அதற்காக இறைவனுக்கு நன்றி சொல்வோம்.

அண்மைக் காலமாக வேறொரு வகைத் தியானமும் சில பங்குகளில் நடந்துவருகிறது. வாரத்தில் ஒரு மாலை, பத்துப் பதினைந்து பேர், கோவிலை ஒட்டிய ஓர் அறையில் கூடுகிறார்கள். பாட்டுக்குழு கிடையாது, மைக் கிடையாது. இருபது நிமிடங்கள் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் அமர்ந்திருக்கிறார்கள். "அங்கே என்னதான் நடக்கிறது? நாங்களும் போகலாமா?" என்று நேயர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். "'ஓம்' சொல்லச் சொல்வார்களா? இது நம்ம வேதத்துக்கு அடுத்ததுதானா?" என்று தயக்கத்தோடு கேட்டவர்களும் உண்டு. இந்த ஞாயிறு வாசகங்கள் அந்தக் கேள்விகளுக்கு விடை சொல்ல நல்ல வாய்ப்பைத் தருகின்றன.

முதல் வாசகத்தில், இறைவாக்கினர் எலியா ஒரேபு மலைக் குகையில் இருக்கிறார். பாறைகளைப் பிளக்கும் பெருங்காற்று வருகிறது. ஆண்டவர் அதில் இல்லை. நிலநடுக்கம் வருகிறது, அதிலும் இல்லை. நெருப்பு வருகிறது, அதிலும் இல்லை. எல்லாம் ஓய்ந்த பிறகு, மிக மெல்லிய ஓர் ஒலி. அதைக் கேட்டதும் எலியா போர்வையால் முகத்தை மூடிக்கொண்டு குகை வாயிலுக்கு வந்து நிற்கிறார். நற்செய்தியில், ஐயாயிரம் பேருக்கு உணவளித்து முடித்த இயேசு, சீடர்களைப் படகில் அனுப்பிவிட்டு, கூட்டத்தையும் அனுப்பிவிட்டு, தனியே மலைமேல் ஏறிச் செபிக்கிறார். கூட்டம், கூச்சல், வேலை எல்லாவற்றுக்கும் பிறகு, இருவருமே மௌனத்துக்குள் போகிறார்கள். அந்த மௌனத்தைச் சேர்ந்து கடைப்பிடிக்கத்தான் இந்தக் குழுக்கள் கூடுகின்றன.

இந்த முறை எங்கிருந்து வந்தது? 1926ம் ஆண்டு இலண்டனில் பிறந்த ஜான் மெய்ன், 1950களில் பிரித்தானிய அரசுப் பணியில் மலாயாவுக்குப் போனார். கோலாலம்பூரில் ஆதரவற்ற பிள்ளைகளுக்காக உழைத்துவந்த சுவாமி சத்யானந்தா என்பவரைச் சந்தித்தார். ஒரே ஒரு சொல்லை உள்ளத்தில் இடைவிடாமல் சொல்லி அமைதியில் அமரும் வழியை அவரிடம் கற்றார். கிறிஸ்தவராகவே இருந்து, கிறிஸ்தவச் சொல்லையே சொல்லும்படி சுவாமி அவருக்குக் கூறினார். பிறகு ஜான் மெய்ன் இலண்டனில் பெனடிக்ட் சபையில் துறவியாகச் சேர்ந்தபோது, அந்த முறையை விட்டுவிடுமாறு அவருடைய நவசந்நியாச ஆசிரியர் சொன்னார். அவர் கீழ்ப்படிந்தார். பல ஆண்டுகள் அதை விட்டே இருந்தார்.

பின்னர் அமெரிக்காவின் வாஷிங்டனில் பணியாற்றிய காலத்தில், யோவான் கசியான் என்ற பழங்காலத் துறவியின் நூலை ஊன்றிப் படித்தார். நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த கசியான், எகிப்துப் பாலைநிலத் துறவிகளிடம் செபிக்கக் கற்றவர். அவருடைய 'உரையாடல்கள்' நூலின் பத்தாம் உரையாடலில், கடவுளைத் துணைக்கு விரைந்து வரும்படி அழைக்கும் 70ம் திருப்பாடலின் முதல் வசனத்தை, எந்நேரமும் உள்ளத்தில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் என்று ஈசாக்கு என்ற துறவி கற்பிக்கிறார். தான் கீழ்ப்படிதலால் விட்டுவிட்ட வழி, தன் திருஅவையின் வீட்டிலேயே இருந்ததை ஜான் மெய்ன் கண்டுகொண்டார். 1975ல் இலண்டனில் பொதுநிலையினருக்காகச் சிறு தியானக் குழுவைத் தொடங்கினார். 1982ல் அவர் இறந்த பிறகும் அந்தக் குழுக்கள் பல நாடுகளில் பரவின. 1991ல் அவை 'கிறிஸ்தவ தியானத்துக்கான உலகக் குழுமம்' என்ற பெயரில் ஒன்றிணைந்தன.

அந்த 1991ம் ஆண்டுக் கருத்தரங்கில் உரையாற்றியவர் நமக்கு அறிமுகமானவர்தான். குளித்தலைக்கு அருகே, காவிரிக் கரையில், தண்ணீர்ப்பள்ளி சாந்திவனத்தில் வாழ்ந்த தந்தை பீட் கிரிஃபித்ஸ் அவர். 1950ல் தந்தையர் மொன்ஷானின், லெ சோ இருவரும் தொடங்கிய அந்த ஆசிரமத்துக்கு, 1968ல் வந்து சேர்ந்தவர். எனவே இந்தத் தியானம் நம் மண்ணுக்கும் அந்நியமானதல்ல. மனவல்லய செபம் என்று நம் பாட்டிமார் சொல்லிவந்ததை நினைத்துப் பாருங்கள். அடுப்படியிலும் வயல் வரப்பிலும் இயேசுவின் திருப்பெயரை முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்தார்களே, அதன் உடன்பிறப்புதான் இது.

சரி, முதன்முறை போகிறவர் அங்கே எதை எதிர்பார்க்கலாம்?

முழுக் கூட்டமும் ஏறக்குறைய ஒரு மணி நேரம். பத்து நிமிடம் முன்னதாகவே போய்விடுவது நல்லது. மௌனம் தொடங்கிய பிறகு கதவைத் திறந்தால் எல்லார் கவனமும் கலையும். செருப்பை வெளியே விடுகிறோம், கைப்பேசியை அணைத்துவிடுகிறோம். 'சைலண்ட்'டில் வைத்தால் போதாது. அதிர்கிற ஓசையே அந்த அமைதியில் இடிபோலக் கேட்கும். அறையில் நாற்காலிகள் வட்டமாக இருக்கும். நடுவில் எரியும் மெழுகுதிரி, திறந்த விவிலியம். அவ்வளவுதான்.

குழுவை நடத்துபவர் குருவானவராக இருக்க வேண்டும் என்பதில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியராக இருக்கலாம்; இல்லத்தரசியாக இருக்கலாம். அவர் நமக்கு 'தீட்சை' எதுவும் தருவதில்லை, நம் தலையில் கை வைப்பதில்லை, கட்டணம் கேட்பதில்லை. முதலில் பத்து, பதினைந்து நிமிடம் செபத்தைப் பற்றிய சிறு விளக்கம் தருவார், அல்லது பதிவுசெய்த உரை ஒன்றைப் போடுவார். பிறகு எப்படி அமர்வது என்று சொல்வார். தரையில் சம்மணமிட்டு அமர முடிந்தவர்கள் அமரலாம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நாற்காலியே போதும். முதுகு நேராக, பாதம் தரையில் பதிந்து, கண்கள் மெல்ல மூடியபடி, இயல்பான மூச்சோடு இருந்தால் போதும்.

அதன்பின் சொல்ல வேண்டிய அந்த ஒரு சொல். 'மாரநாதா' என்பதைத்தான் ஜான் மெய்ன் பரிந்துரைத்தார். இயேசு பேசிய அரமேய மொழிச் சொல் அது. ஆண்டவரே வாரும் என்பது அதன் பொருள். புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தை முடிக்கும்போது (16:22) அதை அப்படியே அரமேயத்தில் எழுதியிருக்கிறார். மா-ர-நா-தா என்று நான்கு அசைகளாக, ஒரே சீராக, உதடு அசையாமல் உள்ளத்தில் சொல்கிறோம். 'இயேசு' என்ற திருப்பெயரையும் சொல்லலாம். எதைத் தேர்ந்துகொண்டாலும் வாரத்துக்கு ஒன்றாக மாற்றாமல் இருப்பது முக்கியம். சிறுமணி ஒலிக்கும், மௌனம் தொடங்கும். இருபது நிமிடம் கழித்து மீண்டும் மணி ஒலிக்கும். சில குழுக்களில் இது அரை மணி நேரம்.

அந்த இருபது நிமிடங்களில் என்ன நடக்கும்? உண்மையைச் சொல்லிவிடுவோம்: பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. காட்சி எதுவும் தெரியாது. குரல் எதுவும் கேட்காது. இரண்டாம் நிமிடத்தில் காதருகே கொசு வரும். நான்காம் நிமிடத்தில், கேஸ் அடுப்பை அணைத்தோமா என்ற சந்தேகம் வரும். பிறகு சீட்டுப் பணம், மகளின் வரன், அலுவலகத்தில் ஒருவர் சொன்ன சொல், அதற்கு நாம் சொல்லியிருக்க வேண்டிய பதில் என்று ஒவ்வொன்றாக வரிசையில் வந்து நிற்கும். பத்து நிமிடம் கழித்துத்தான், அந்தச் சொல்லை எங்கோ விட்டுவிட்டோம் என்பதே நமக்குத் தெரியவரும். அப்போது நம்மை நாமே திட்டிக்கொள்ள வேண்டாம். மெல்லத் திரும்பி வந்து, மறுபடியும் அந்தச் சொல்லைச் சொல்லத் தொடங்குவோம். ஐம்பது முறை அலைந்தால், ஐம்பது முறை திரும்பி வருவோம். அப்படித் திரும்பி வருவதுதான் அந்த இருபது நிமிடச் செபம்.

தூக்கமும் வரும். கெத்சமனி தோட்டத்தில் பேதுருவுக்கும் யாக்கோபுக்கும் யோவானுக்கும் வந்ததே, நமக்கு வராதா? வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போகாதிருப்பதும், முதுகை நேராக வைத்திருப்பதும் உதவும். பக்கத்தில் இருப்பவர் குறட்டை விட்டால், அதையும் பொறுத்துக்கொள்வோம். அடுத்த வாரம் அது நாமாகவும் இருக்கலாம்.

இரண்டாவது மணி ஒலித்ததும் யாரும் சட்டென்று எழுவதில்லை. சிறு வாசகமோ, இயேசு கற்றுத்தந்த செபமோ இருக்கும். விரும்புகிறவர்கள் கேள்வி கேட்கலாம், பகிர்ந்துகொள்ளலாம். பேச விரும்பாதவர்களை யாரும் வற்புறுத்துவதில்லை. வீட்டில் காலையும் மாலையும் இப்படி இருபது நிமிடம் அமர முயலுங்கள் என்று சொல்லி அனுப்புவார்கள். "அதை வீட்டிலேயே செய்துகொள்ளலாமே, குழு எதற்கு?" என்று கேட்கலாம். தனியாக அமரும்போது ஏழாம் நிமிடத்தில் எழுந்துவிடுகிற நாம், பத்துப் பேர் நடுவில் எழுவதில்லை. எலியாவும் இயேசுவும் தனியே சென்றார்கள் என்பது உண்மை. ஆனால் நாம் இன்னும் நடக்கப் பழகுகிறவர்கள். கைப்பிடிக்க ஆள் வேண்டும்.

அன்பார்ந்தவர்களே, இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மௌனம் எப்போதும் இதமாக இருக்காது. நாம் வேலையாலும் பேச்சாலும் தொலைக்காட்சியாலும் மூடி வைத்தவை, மூடி விலகியதும் மேலே வரும்.

நாம் அறிந்த ஒரு குழுவில் ஒரு தாய் இருந்தார். சாலை விபத்தில் மகனை இழந்தவர். அன்றிலிருந்து அவர் வீட்டில் விடிந்தது முதல் படுக்கும்வரை டி.வி. ஓடிக்கொண்டே இருக்கும். அவர் அதைப் பார்ப்பதில்லை. வீடு அமைதியாகிவிடக் கூடாது, அவ்வளவுதான். பக்கத்து வீட்டுப் பெண் வற்புறுத்தி அவரைக் குழுவுக்கு அழைத்து வந்தார். முதல் இரண்டு வாரம் எப்படியோ உட்கார்ந்திருந்தார். மூன்றாம் வாரம், மௌனம் தொடங்கிய சில நிமிடங்களில் எழுந்து வெளியே போய்விட்டார். கோவில் திண்ணையில் அமர்ந்து அழுதார். பக்கத்து வீட்டுப் பெண் மட்டும் ஓசைப்படாமல் எழுந்து போய் அவர் அருகில் உட்கார்ந்தார். ஆறுதல் என்று எதையும் சொல்லவில்லை. "எல்லாம் இறைவன் சித்தம்" என்று சொல்லவில்லை. மணி ஒலிக்கும்வரை கூடவே இருந்தார். அடுத்த வாரம் அந்தத் தாய் வரவில்லை. வட்டத்தில் அவருடைய நாற்காலியை மட்டும் யாரும் எடுக்கவில்லை. அதற்கடுத்த வாரமும் அப்படியே. மூன்றாம் வாரம் அவர் வந்து அதே நாற்காலியில் அமர்ந்தார். பல மாதங்கள் கழித்து, பகிர்வு நேரத்தில் ஒருநாள் அவர் சொன்னது இவ்வளவுதான்: "துக்கம் போகவில்லை. ஆனால் இப்போதெல்லாம் டி.வி.யை அணைத்துவிட்டுச் சாப்பிட முடிகிறது."

எலியாவின் கதையைச் சற்று முன்னால் போய்ப் படித்தால் இது இன்னும் விளங்கும். ஒரேபு மலைக்கு வருவதற்கு முன், அவர் ஒரு சூரைச்செடியின் அடியில் கிடந்து, சாக வேண்டும் என்று வேண்டினார். அந்த வேளையில் கடவுள் அவரை எழுப்பித் தியானம் செய்யச் சொல்லவில்லை. தூங்க விட்டார். வானதூதரை அனுப்பி அப்பமும் தண்ணீரும் தந்தார். மறுபடியும் தூங்க விட்டார். மறுபடியும் உணவு தந்தார். மெல்லிய ஒலி அதற்குப் பிறகுதான் வந்தது. ஆகவே, ஆழ்ந்த மனச்சோர்வில் இருப்பவர்களை, "தியானத்துக்கு வா, எல்லாம் சரியாகிவிடும்" என்று இழுத்துக்கொண்டு போக வேண்டாம். சிலருக்கு முதலில் தேவைப்படுவது மருத்துவர். சிலருக்கு நல்ல தூக்கம். சிலருக்குப் பக்கத்தில் உட்காரும் ஒரு மனிதர். மனநலத்துக்காக மருந்து எடுப்பவர்கள் தியானத்தை நம்பி அதை நிறுத்தவே கூடாது. மௌனம் தாங்க முடியாததாக இருந்தால் எழுந்து வெளியே வரலாம். அது பாவமுமல்ல, தோல்வியுமல்ல.

திருஅவை இதைப்பற்றி என்ன சொல்கிறது? வாய்மொழிச் செபம், தியானம், ஆழ்நிலைச் செபம் ஆகிய மூன்றையும் கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வி நூல் விளக்குகிறது (எண்கள் 2700-2719). வாய்மொழிச் செபம் சிறியது, மௌனம் பெரியது என்று நாம் தரம் பிரிக்க வேண்டாம். நம்பிக்கைக் கோட்பாட்டுப் பேராயம் 1989ம் ஆண்டு அக்டோபர் 15ம் தேதி கிறிஸ்தவ தியானம் குறித்து ஆயர்களுக்கு ஒரு மடலை வெளியிட்டது. பிற சமயங்களின் செபமுறைகளில் நமக்குப் பயன்படும் நல்லவற்றை ஏற்கலாம் என்று அது கூறுகிறது. ஆனால், கிறிஸ்தவச் செபம் இறைவனோடு ஆள் ஆளோடு கொள்ளும் உறவு என்பது மறந்துபோகக் கூடாது. உடலில் தோன்றும் இதமான உணர்வைத் தூய ஆவியாரின் ஆறுதல் என்று எண்ணி ஏமாந்துவிடக் கூடாது. இந்த இரண்டையும் மனதில் வைத்தால், ஒரு குழு சரியான வழியில் போகிறதா என்று நாமே கண்டுகொள்ளலாம். ஞாயிறு திருப்பலி தேவையில்லை, செபமாலை தேவையில்லை, இதுவே போதும் என்று யாராவது கற்பித்தால், அல்லது பணம் கேட்டால், அல்லது தன்னைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால், அங்கிருந்து வந்துவிடுவதே நல்லது. ஐயம் வந்தால் பங்குத்தந்தையைக் கேட்கலாம்.

தியானம் பலன் தந்ததா என்பதை எப்படி அறிவது? அந்த இருபது நிமிடத்தில் தேட வேண்டாம், வீட்டில் தேடுவோம். மருமகளிடம் பேசும் குரல் தணிந்திருக்கிறதா? நிலத் தகராறில் பேச்சை நிறுத்திய தம்பியின் முகம் செபத்தில் வந்தபோது, எழுந்துபோய் அவரைப் பார்க்கத் தோன்றியதா? மெல்லிய ஒலியைக் கேட்ட எலியாவைக் கடவுள் குகையிலேயே இருக்க விடவில்லை. வந்த வழியே திரும்பிப் போகச் சொல்லி, செய்ய வேண்டிய பணிகளைத் தந்தார். மலையில் செபித்த இயேசுவும், இரவின் நான்காம் காவல் வேளையில், புயலில் தவித்த சீடர்களைத் தேடிக் கடல்மீது நடந்து போனார்.

அந்தக் கடலில் பேதுரு சொன்ன செபத்தையும் கவனிப்போம். காற்றைக் கண்டு அஞ்சி மூழ்கத் தொடங்கியபோது, நீண்ட செபம் சொல்ல அவருக்கு நேரமில்லை. ஆண்டவரைக் கூப்பிட்டுக் காப்பாற்றக் கேட்டார், ஓரிரு சொற்கள்தான். இயேசு உடனே கையை நீட்டி அவரைப் பிடித்துக்கொண்டார். மாரநாதா என்று நாம் சொல்வதும் அப்படி ஒரு கூப்பிடுதல்தான். கவனம் சிதறும்போதும், தூக்கம் வரும்போதும், அழுகை வரும்போதும் திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறோம்.

உங்கள் பங்கிலோ பக்கத்துப் பங்கிலோ இப்படி ஒரு குழு இருந்தால், ஒருமுறை போய்ப் பாருங்கள். முதல் வாரம் பிடிக்காமல் போகலாம். நான்கு வாரமாவது போய்விட்டு முடிவு செய்யுங்கள். ஏற்கனவே குழுவில் இருப்பவர்கள், எழுந்து போனவரின் நாற்காலியை எடுத்துவிடாதிருங்கள். மூழ்கும் வேளையில் நம் கையைப் பிடிக்கும் ஆண்டவர், மௌனத்தில் நம்மோடு இருக்கவும், மௌனத்தைத் தாங்க முடியாதவர்களோடு நாம் இருக்கவும் வரம் தரும்படி மன்றாடுவோம்.